குறட்டைக்கு நடுவே

ஒலியை ஒரு படி கூட்டினாள். குறட்டை அப்படியே இருந்தது. குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவே இருந்த அமைதிதான் சத்தமாகியது.

அவள் விரல் ஹெட்போன் பொத்தானின் மேலேயே நின்றுவிட்டது. வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் வீட்டுக்குள் மங்கிய சாயங்காலம் மாதிரி இருந்தது. கணவனுக்கு இரவு வேலை. ஊரெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம்தான் அவனுக்கு நடுச்சாமம். அதற்காகவே எல்லா ஜன்னலுக்கும் கனமான கறுப்புத் திரை தைத்துப் போட்டிருந்தார்கள். திரையின் ஓரம் சுவரோடு ஒட்டாத இடத்தில் மட்டும் ஒரு கீற்று வெயில் நுழைந்து, அதில் தூசி சோம்பலாக மிதந்துகொண்டிருந்தது. பிரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. காயாத துணியின் வாசனையும், காலையில் அவன் கழற்றி நாற்காலியில் போட்ட சீருடையிலிருந்து வரும் குளிர்ந்த இரும்பு வாசனையும் கூடத்தில் கலந்து நின்றன. அவன் வேலை பார்ப்பது ஒரு குளிர்பதனக் கிடங்கில், இரவு முழுக்க கம்ப்ரஸர்களைக் கவனிக்கும் ஆபரேட்டராக. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஆந்தை. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆந்தையின் தலைமாட்டில் அவளுடைய போன் இருந்தது. போனின் மைக் அவன் மூச்சைக் கேட்டு, ப்ளூடூத் வழியாக, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் அவள் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காது மந்தமானவர்களுக்காக வந்த வசதி அது. பேசுகிறவர் முன்னால் போனை வைத்துவிட்டால் பேச்சு நேராக ஹெட்போனில் கேட்கும். அவள் அதைக் காவலுக்கு வைத்திருந்தாள்.

காவல் எதற்கென்றால், ஆந்தைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறது. தூக்கம் ஆழமாகும்போது தொண்டைச் சதை தளர்ந்து, ஈரத் துணி குழாயில் ஒட்டிக்கொள்வதுபோல் மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வருவதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூளை அலறி அடித்துக்கொண்டு ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, பெரிய திணறலோடு பாதை திறக்கிறது, மறுபடி குறட்டை. தூங்குகிறவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வரும்.

"மாஸ்க் மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்," என்றிருந்தார் டாக்டர். "அது வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருங்க. ரொம்ப நேரம் மூச்சு வரலைன்னா உலுக்கி எழுப்பிடுங்க."

"ரொம்ப நேரம்னா எவ்வளவு நேரம் டாக்டர்?"

"உங்களுக்கே பயம் வர்ற அளவுக்கு."

அவர்கள் கிளம்பும்போது, தூங்குகிற சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவரவும் சொன்னார்.

மூச்சைக் கேட்பது அவளுக்குப் புதிதில்லை. சோறு போடுவதே அதுதான். ஒலிப்புத்தகம் தயாரிக்கிற ஒரு நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்தாள். யாரோ ஒருவர் உட்கார்ந்து நாவல் வாசிப்பார். அவர் வாசிக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு இழுப்பார், எச்சில் விழுங்குவார், நாற்காலி முனகும். இவள் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டர் திரையில் அலையாக விரித்து, மூச்சு விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெட்டுவாள். வெட்டிய இடம் வெற்றாக இருந்தால் காது நெருடும், அதனால் அங்கே அதே அறையின் அமைதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவாள். கேட்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு மனிதர் மணிக்கணக்காக மூச்சே விடாமல் பேசுகிறார் என்பது யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஆகவே குறட்டைக்கு நடுவே என்ன இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அறையின் அமைதி இருக்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சல், தெருவின் தூரத்து முணுமுணுப்பு. இப்போது அங்கே வேறொன்று இருந்தது. மெல்ல இழுத்து, மெல்ல விடும் ஒன்று.

இன்னொரு படி கூட்டினாள். அதுவும் ஒரு படி கிட்டே வந்தது.

பயப்படுவதற்கு முன்னால் காரணம் தேடுகிற மனசு அவளுக்கு. ப்ளூடூத் ஹெட்போனில் ஒலியைக் கூட்டுவது எப்படி நடக்கிறது என்று அவள் ஆந்தைக்கே ஒரு தடவை உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். போனில் ஒரு ஏணி, ஹெட்போனில் ஒரு ஏணி, ஆக இரண்டு ஏணி. இப்போது வருகிற கருவிகளில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இங்கே ஏறினால் அங்கேயும் ஏறும். செட்டிங்ஸுக்குள் போய் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால் இரண்டும் தனித்தனி. போனில் உச்சிவரை ஏறிவிட்டு, ஹெட்போனில் மறுபடி அடியிலிருந்து ஏறலாம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கும். சாதாரணமாகக் காதில் விழாத சத்தமெல்லாம் அப்போது எழுந்து வரும். அவள் அவிழ்த்துவிட்டிருந்தாள். குறட்டை கூடாததற்கும் காரணம் இருந்தது: காது கெட்டுவிடக் கூடாதென்று ஹெட்போனுக்குள் ஒரு காவல் உண்டு, பெரிய சத்தத்தை அது தலையில் தட்டி உட்கார வைத்துவிடும், சின்னச் சத்தம் மட்டும் தடையில்லாமல் ஏறும். அவ்வளவுதான். சுவரில் மோதித் திரும்புகிற எதிரொலியாக இருக்கும். அவன் மூச்சேதான், கொஞ்சம் தாமதமாக.

இந்த விளக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே ஆந்தையின் குறட்டை தொண்டையில் சிக்கி நிற்கும்வரை.

நின்றது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். அவன் மூச்சு நின்ற பிறகும், எதிரொலிக்க எதுவுமே இல்லாத அந்த நேரத்திலும், அது நிதானமாக இழுத்தது. விட்டது. இழுத்தது.

பிறகு திணறல், குறட்டை, எல்லாம் பழையபடி.

சாயங்காலம் அவன் எழுந்து, தலையெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தபோது டீயை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க தூங்கும்போது இன்னொரு மூச்சு கேக்குது."

"கேக்கும். பக்கத்து வீட்டு மாமாவா இருக்கும். அவர் குறட்டைக்கு எங்க கம்ப்ரஸரே தேவலை."

"விளையாடாதீங்க. உங்க மூச்சு நிக்கும்போது அது நிக்கலை."

"அப்படியா?" டீயை ஊதினான். "அவனைப் பாத்தா ரெண்டு நாள் எனக்குப் பதிலா ஷிஃப்டுக்குப் போகச் சொல்லு. சம்பளத்தை நான் வாங்கிக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்து, கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். "பகல் பூரா காதுல அதை மாட்டிக்கிட்டே இருந்தா இல்லாததும் கேக்கும்மா. நான் இங்கதானே இருக்கேன். மெஷின் வந்துடட்டும்."

"வந்துடட்டும்," என்றாள்.

மறுநாள் அவன் தூங்கும்போது போனில் பதிவு போட்டாள். முடிந்ததும் மெதுவாக உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனை மறுபடி அவன் தலைமாட்டிலேயே கொண்டுபோய் வைத்தாள், காவல் தொடர வேண்டுமே. அறை இருட்டாக இருந்தது. அவன் மல்லாந்து படுத்திருந்தான். போர்வை ஏறி இறங்கியது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, எப்போதும் துணிக்கூடை இருக்கும் மூலையில், துணிக்கூடைதான் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை பார்த்தாள்.

மேசைக்கு வந்து, பதிவை ஹெட்போனில் கேட்டாள். அந்த ஹெட்போன் போனோடும் கம்ப்யூட்டரோடும் ஒரே நேரத்தில் கை கோத்துக்கொள்ளும். ஒரு காரியம் செய்து பார்த்தாள்: தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஹெட்போனிலும் மைக் உண்டு. அவளுடைய மூச்சே அதில் கசிந்து அவளுக்குக் கேட்கிறதோ என்னவோ. கண்ணில் பூச்சி பறக்கும்வரை அடக்கினாள். பதிவில் அது பாட்டுக்கு இழுத்தது, விட்டது.

இந்த வேலையில் அவளுக்குத் தெரிந்தவர்களிலேயே நல்ல காது ஒருவருக்குத்தான். அவள் மூச்சு வெட்டுகிற நாவல்களை வாசிக்கிறவர், வயதானவர், வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வாசிப்புக்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு ஒரு துண்டை அனுப்பிவிட்டு, வீட்டின் சாதாரண போனிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னம்மா எடிட்டர், என் மூச்சையெல்லாம் வெட்டி எங்க சேத்து வைக்கிறே? வயசான காலத்துல கொஞ்சம் திருப்பிக் குடு, மாடிப்படி ஏற முடியலை."

"அண்ணா, அனுப்பினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். யாரும்மா தூங்கறது?"

"வீட்டுக்காரர். டாக்டர் கேட்டிருக்கார். வேற ஏதாவது கேக்குதான்னு..."

"இன்னொருத்தர் யாரு?"

அவள் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். கதவு ஒருக்களித்து இருந்தது.

"நல்லாத் தூங்கறாரு உன் வீட்டுக்காரர்," என்றார் அவர், குரலில் கிண்டல் இன்னும் மிச்சமிருக்க. "ஆனா இன்னொருத்தர் தூங்கலைம்மா. படுத்திருக்கிறவன் மூச்சு ஒரு மாதிரி இருக்கும், வயிறு அமுங்கி, சின்னதா. உக்காந்து வாசிக்கிறவன் மூச்சு வேற. நாங்க நின்னுக்கிட்டே செய்தி வாசிச்ச ஆளுங்க, எனக்கு நல்லாத் தெரியும். இது நிக்கிறவங்க மூச்சு." துண்டை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார். "குனிஞ்சு நிக்கிறாங்க. மைக்குக்குப் பக்கத்துல. நீதானேம்மா அது?"

"ஆமா அண்ணா," என்றாள். "நான்தான்."

போனை வைத்தாள்.

அப்போதே போய் அவனை எழுப்பியிருக்கலாம். அவள் எழுந்தும்விட்டாள். ஹெட்போனில் போன் வழியாக அவன் குறட்டை சீராக, பலமாக வந்துகொண்டிருந்தது. இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவன். எழுப்பி என்ன சொல்வது? நீங்கள் தனியாக இல்லை என்று வாசிப்புக்காரர் சொல்கிறார் என்றா? இரண்டடி நடந்து, நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைக்கு வேலை வேண்டும்போல் இருந்தது. அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

வேண்டாத மூச்சை எடுத்துவிட வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பதிவு முழுக்கப் படர்ந்திருக்கும் ஒரு சத்தத்தை ஒவ்வொரு இடமாகத் தேடி வெட்ட முடியாது. அதனால் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கிற ஒரே ஒரு துண்டைக் குறித்து, மென்பொருளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்: இதுதான் வேண்டாதது, பார்த்து வைத்துக்கொள். அது அந்தத் துண்டை மோப்பம் பிடித்துக்கொள்ளும். பிறகு பதிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதே சாயலில் எது இருந்தாலும் உருவி எறிந்துவிடும். நாய்க்குத் துணியைக் காட்டுவது மாதிரி. எதைக் காட்டுகிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

அது தனியாகக் கேட்கும் இடம், ஆந்தையின் மூச்சு நிற்கும் இடம்தான். அங்கே போனாள். திரையில் அலை இல்லை, வெறும் நேர்க்கோடு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சத்தம். காதால்தான் பிடிக்க முடியும். ஒலியைக் கூட்டினாள். கம்ப்யூட்டரின் ஏணியில் உச்சி. ஹெட்போன் ஏணியில் பாதிக்கு மேல். திரையில் எச்சரிக்கை வந்தது: இவ்வளவு சத்தமாக நீண்ட நேரம் கேட்டால் காதுக்குக் கெடுதல். சரி என்று தட்டினாள். இன்னும் இரண்டு படி. பதிவில் அவன் மூச்சு நின்ற அந்த வெற்றிடத்தில், அது இழுக்கும் ஓசை இப்போது அவள் கன்னத்தில் படுவதுபோல் இருந்தது. உதடு பிரியும் ஈரச் சத்தம்கூடக் கேட்டது.

இழுக்கும்போது குறிக்கத் தொடங்கினாள். விட்டு முடிக்கும்போது நிறுத்தினாள். துண்டைக் காட்டிக்கொடுத்தாள். பதிவு முழுவதிலும் நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது.

அது பாதி தூரம் போனபோதுதான் உறைத்தது.

ஒலி வெட்டுகிறவர்கள் யாரும் வயர் இல்லாத ஹெட்போனில் வெட்ட மாட்டார்கள். அவளும் வெட்டியதில்லை, அவளுடைய வயர் ஹெட்போன் காதோரம் அறுந்து, பற்றவைக்கக் காத்துக்கொண்டு அலமாரியில் கிடந்தது. காரணம் தாமதம். ஒலியை மூட்டை கட்டி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் அவிழ்த்துக் காதுக்குக் கொடுப்பதற்குள் ஒரு கண்ணிமை நேரம் போய்விடுகிறது. பாட்டு கேட்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. குறிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. காதில் கேட்கும்போது திரையில் இடத்தைக் காட்டி ஓடும் ஊசி அதைத் தாண்டிப் போயிருக்கும். மற்ற நாட்களில் அலையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இன்று பார்க்க அலை இல்லை. அவள் காதை நம்பிக் குறித்திருந்தாள்.

அது மூச்சை விட்டு முடிப்பதைக் கேட்டு அவள் நிறுத்தியபோது ஊசி அதைத் தாண்டி, ஆந்தையின் மூச்சு திரும்பி வருகிற இடத்துக்குள் போயிருக்கிறது.

அவள் காட்டிக்கொடுத்தது அவனை.

பச்சைக் கோடு முடிவுக்கு வந்தது. திரையில் மலைமலையாக நின்ற குறட்டை அலைகள் எல்லாம் ஒரே மூச்சில் தரையோடு தரையாகப் படுத்தன.

பதிவுதானே. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெறும் பதிவு. திருப்பிப் போட்டால் வந்துவிடும். திருப்பிப் போட்டாள். வந்தது. மலைகள் எல்லாம் பழையபடி எழுந்து நின்றன.

அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தாள்.

ஹெட்போனின் பஞ்சையும் மீறி, சுவர் வழியாக, மேசை வழியாக, இத்தனை நேரமும் முழங்கையில் அதிர்ந்துகொண்டிருந்த ஒன்று இப்போது இல்லை. பிரிட்ஜ் உறுமியது. தெருவில் ஒரு வண்டி போயிற்று. படுக்கையறையிலிருந்து எதுவும் வரவில்லை.

நின்றிருக்கிறது. எப்போதும் நிற்பதுதான். இதோ திணறல் வரும்.

வரவில்லை.

பதிவை நிறுத்தினாள். போன் அனுப்புவதை மட்டும் கேட்டாள். ஒன்றுமில்லை. ஒலியைக் கூட்டினாள். மின்விசிறி. இன்னும் கூட்டினாள். தலையணை உறை உரசுவது. இன்னும். ஏணியின் கடைசிப் படி. டிங் என்று ஒரு சின்ன மணி, இதற்கு மேல் இல்லை என்று.

ஒரே ஒரு மூச்சு கேட்டது.

மெல்ல இழுத்தது. மெல்ல விட்டது. போனுக்கு வெகு கிட்டே. இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து விட்ட மூச்சு மாதிரி இல்லை அது இப்போது. தாராளமாக இருந்தது. சொந்த வீட்டில் விடுகிற மாதிரி.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஓடினாள். கதவு சுவரில் இடித்தது. இருட்டு. கட்டில். மல்லாந்த உருவம். தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க. ஏங்க! எந்திரிங்க. எந்திரிங்க!" கன்னத்தில் அறைந்தாள். சில்லென்று இருந்தது. அது எப்போதும் அப்படித்தான். மறுபடி உலுக்கினாள். ஹெட்போன் நழுவிக் கழுத்தில் விழுந்தது, பிடுங்கி எறிந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"என்னம்மா," என்றான்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவன் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "மூச்சு நின்னுடுச்சு. நான் நினைச்சேன்... நான்தான் தப்பா... ஐயோ, பயந்தே போயிட்டேன்."

"அதான் எந்திரிச்சிட்டேனே," என்றான் ஆந்தை, அவனுடைய அதே குரலில், அதே இளிப்போடு, "இதுக்குப் போயி அழுவாங்களா நீ பகல் பூரா அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே அதான் இப்படி எல்லாம் தோணுது சாயங்காலம் டாக்டர் கிட்ட போயி மெஷின் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வருவோம் அப்படியே உன் வயர் ஹெட்போனையும் எடுத்து வை பத்த வச்சுத் தரேன் கிடங்குல சால்டரிங் பண்றவன் ஒருத்தன் இருக்கான் நாளைக்கே முடிச்சுடலாம் முதல்ல போயி முகத்தைக் கழுவு ஒரு டீ போடு எனக்கும் சேத்து சக்கரை கம்மியா..."

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஆமாம், சரி, சரி என்றாள். பேசட்டும், பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது.

எங்கேயோ நடுவில், அவளையும் அறியாமல், அவளுடைய காது வேலையைத் தொடங்கியிருந்தது. பழக்கம்தான். யார் பேசினாலும் அது பாட்டுக்குத் தேடும், வெட்டுவதற்கான இடத்தை. வாக்கியம் முடிந்து, அடுத்தது தொடங்குமுன் வரும் அந்தச் சின்ன இழுப்பை.

அது வரவில்லை.

அவன் பேசிக்கொண்டிருந்தான். டீயைப் பற்றி. சீருடையைத் துவைக்கப் போடுவது பற்றி. எங்கும் மூச்சு வாங்கவில்லை. அவள் கை அவன் நெஞ்சின் மேல் இருந்தது. போர்வைக்குக் கீழே குரல் அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. பலகை மாதிரி கிடந்தது.

"ஏங்க," என்றாள். "மூச்சு விடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். அன்பாகத்தான் பார்த்தான். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான். வாயை மூடினான். அவன் பேச எங்கிருந்தோ வந்த காற்று தீர்ந்துபோயிருந்தது.

அறையில் மின்விசிறியைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை.

அவள் காத்திருந்தாள். ஹெட்போன் எங்கேயோ தரையில் கிடந்தது. இதைக் கேட்க ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குப் பின்னால், அவளுக்கும் கதவுக்கும் நடுவே, அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே, குனிந்து நிற்கிற ஒன்று நிதானமாக, நெஞ்சு நிறைய, ஒரு மூச்சை இழுத்தது.

கட்டிலில் ஆந்தை வாயைத் திறந்து, மறுபடி பேச ஆரம்பித்தான்.